எஸ்தர் டீச்சர் எழுந்திருக்கக் கூடாது

பிப்ரவரி 3, திங்கள்

மும்முனை பிக்சர்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பவிருக்கும் கடிதத்தின் முதல் வரைவு. கோபம் ஆறிய பின் திருத்திக்கொள்ளலாம் என்று இங்கே எழுதி வைக்கிறேன். கோபம் ஆறும் என்பதற்கு அறிகுறி எதுவும் தென்படவில்லை.

1. டிசம்பர் 12: ‘அளவுக்காரன்’ படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கப்படுவதை, அப்படத்தின் கதையையும் வசனத்தையும் எழுதிய நான், என் வகுப்பு மாணவன் கைப்பேசியில் காட்டிய விளம்பரத்தின் வழியாக அறிந்துகொண்டேன்.

2. டிசம்பர் 29: அடுத்த விளம்பரத்தில் ‘இந்த முறை தையல் பிரியும்’ என்றொரு வாசகம். முதல் படத்தில் எந்தத் தையலும் பிரியவில்லை. அளவுக்காரன் மீது கொலைக் குற்றம் சாட்டலாம். அவன் தொழிலில் குறை சொல்ல முடியாது.

3. ஜனவரி 8: இயக்குநர் திரு. பிரணவ், வயது இருபத்தொன்பது, ஒரு யூடியூப் நேர்காணலில் முதல் படத்தை ‘அந்தக் காலத்துக்கு நல்ல படம்’ என்றார்.

4. ஜனவரி 20: அதே நபர், கொலைகாரனுக்குச் சோகமான சிறுவயதுக் கதை ஒன்று இருப்பதாக அறிவித்தார். அவனை உருவாக்கியவன் என்ற முறையில் தெரிவிக்கிறேன்: இல்லை.

5. ஜனவரி 31: மூன்றாவதாகக் கொல்லப்பட்ட எஸ்தர் டீச்சர் உண்மையில் சாகவில்லை என்றும், அவரை வைத்தே இரண்டாம் பாகம் தொடங்குகிறது என்றும் என் வீட்டுக்குத் தொலைபேசியில் தெரிவித்தனர். என்னிடம் அல்ல. எஸ்தர் டீச்சராக நடித்த என் மனைவியிடம்.

6. பிப்ரவரி 1: என் மனைவி நடிப்பதாகச் சொல்லிவிட்டாள்.

ஆறாவதைக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம்.


பிப்ரவரி 4, செவ்வாய்

கல்லூரியில் தேர்வுக் கண்காணிப்பு. மாலையில் ஆய்வகத்திலிருந்து என் மனைவி தமயந்தியின் இதய எக்கோ அறிக்கையை வாங்கி வந்தேன். உறையைப் பிரிக்கவில்லை, அது மருத்துவருக்கு எழுதப்பட்டது. வாஷிங் மெஷினைப் பழுது பார்க்க வருவதாகச் சொன்ன ஆள் இன்றும் வரவில்லை.


பிப்ரவரி 6, வியாழன்

கடிதத்தில் வாதத்தை அடிப்படையிலிருந்து கட்ட வேண்டும். தர்க்கவியல் கற்பிப்பவன் வெறுமனே திட்டிவிட்டு ஓயக் கூடாது.

‘அளவுக்காரன்’ வெளிவந்து இருபத்தாறு ஆண்டுகளாகின்றன. ஏற்காட்டில் ஓர் உறைவிடப் பள்ளி. ஆசிரியைகளுக்குச் சீருடை தைக்க அளவெடுக்க வருகிறான் ஒரு தையற்காரன். முகத்தை மூடிய காடாத் துணி, கழுத்தில் அளவு நாடா. அவன் பேசுவதில்லை, ஓடுவதில்லை. அளவெடுத்த மறுநாள் காலை, தைத்து முடித்த வெள்ளை ரவிக்கை அறை வாசலில் தொங்கும். சரியாகப் பொருந்தும். அணிந்தவள் அன்றே கத்தரிக்கோலால் கொல்லப்படுவாள். ஏன் என்று படம் சொல்லவில்லை. இவ்வகைப் படங்களுக்கு ஸ்லாஷர் என்று பெயர். அன்றைய நாளிதழ் ஒன்று ‘கத்திக்குத்துப் படம்’ என்று விமர்சித்தது. அந்தப் பத்திரிகை இன்று இல்லை. படம் இருக்கிறது.

அதற்கு இரண்டாம் பாகம் ஏன் ஈடாகாது? பயம் அறியாமையில் பிறக்கிறது. இரண்டாம் முறை வரும்போது கொலைகாரனின் நடை, உடை, ஆயுதம் அனைத்தும் பார்வையாளனுக்குத் தெரியும்; வாசலில் வந்து நிற்கும் சம்பந்தி மாதிரி. ஆகவே இயக்குநருக்கு இரண்டே வழிகள். ஒன்று, பிணங்களைக் கூட்டுவது. முதல் படத்தில் நான்கு, இதில் பதினேழு என்கிறார்கள். பந்தியில் பதினேழாவது இலையைப் பார்த்து யாரும் வாய் பிளப்பதில்லை. மற்றொன்று, கொலைகாரனை விளக்குவது. சிற்றன்னை சூடு போட்டாள், ஆகவே கத்தரியை எடுத்தான். விளக்கப்பட்ட பேய் வெறும் நோயாளி.

மூன்றாவது வழியாக இவர்கள் கண்டுபிடித்திருப்பதுதான் கேவலம்: செத்தவளை எழுப்புவது. எஸ்தர் டீச்சரின் சாவு அந்தப் படத்தின் முதுகெலும்பு. படத்தில் சிரிக்கத் தெரிந்த ஒரே பாத்திரம் அவள்தான். அவள் செத்த பிறகுதான் இங்கே யாரும் பத்திரமில்லை என்று அரங்கு உணர்கிறது. அவள் பிழைத்தாள் என்றால் முதல் படம் பொய் சொன்னதாகிவிடும்.

என் கையில் ஓர் ஆயுதம் உண்டு. ஒப்பந்தத்தில் அன்றே ஒரு வாசகத்தைச் சேர்க்க வைத்தேன்: தொடர்ச்சி எடுப்பதாயின் கதாசிரியரின் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை. முதல் படத்தின் இயக்குநர் சந்தானகிருஷ்ணன், இன்று உயிரோடில்லை, “வாத்தியாரே, இதுக்கெல்லாம் எவன்யா ரெண்டாம் பாகம் எடுக்கப் போறான்?” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.


பிப்ரவரி 9, ஞாயிறு

பிரணவ் வீட்டுக்கு வந்தார். சம்மதக் கடிதம் வாங்கத்தான். கிழிந்த ஜீன்ஸ், விலை உயர்ந்த காலணி. காலணியை வாசலில் கழற்றினார். அந்த அளவுக்கு வளர்ப்பு இருக்கிறது.

தமயந்தி அவருக்குக் காபி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். இப்போதெல்லாம் சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்து வந்தாலே அவளுக்கு உட்கார வேண்டியிருக்கிறது.

நான் என் ஐந்து குறைகளையும் வாசித்துக் காட்டினேன். அந்த இளைஞர் மறுத்துப் பேசவில்லை. சிறுவயதுக் கதை தயாரிப்பாளரின் விருப்பம் என்றார். வாசகம் விளம்பரப் பிரிவினுடையது என்றார். நேர்காணலில் உளறிவிட்டதாகச் சொன்னார். ஐந்தாவதற்கு வந்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எஸ்தர் டீச்சரின் பிணத்தின் மீது அளவு நாடா குறுக்கே கிடக்கும் காட்சியில் ஒரு பிழை உண்டு. பிணம் மூச்சு விடுகிறது. நாடா மெல்ல ஏறி இறங்குகிறது. படம் வெளியான நாள் முதல் ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. இப்போது அதைத் துண்டாக வெட்டி, பாட்டுப் போட்டு, கைப்பேசியில் அனுப்பி விளையாடுகிறார்கள். என் வாழ்நாளில் எழுதியவற்றுள் மிகச் சிறந்த சாவைக் கெடுத்தது அந்த ஒரு மூச்சு.

“எல்லாரும் அதைத் தப்புங்கறாங்க சார்,” என்றார் பிரணவ். “ஒம்பது வயசுல டிவில பாத்தப்ப எனக்கு அது தப்பாவே தெரியல. அப்பாடா, டீச்சர் சாகலன்னு நெனச்சேன். படம் முடியற வரைக்கும் அவங்க எப்ப எழுந்து வருவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். வரல. அதான் சார் நான் எடுக்கறேன்.”

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தப் படத்தைக் காட்டிய பெற்றோரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்றேன். பிழையின் மீது கதை கட்டுபவர் அடுத்து, ஒலிவாங்கி நிழல் விழுந்த காட்சியை வைத்து மூன்றாம் பாகம் எடுப்பார் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

தமயந்தி என்னைப் பார்க்காமல், “படப்பிடிப்பு எப்ப தம்பி?” என்று அவரிடம் கேட்டாள்.

சார் கையெழுத்துப் போட்டதும் என்றார் அவர்.


பிப்ரவரி 10, திங்கள்

வீட்டில் பேச்சு இல்லை. தயிர் சாதம்.


பிப்ரவரி 13, வியாழன்

எரிவாயு சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். துறைத் தலைவர் பாடத்திட்டக் கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டார். இதை முன்பே சொல்லியிருந்தால் நான் விடுப்பு எடுத்திருக்கத் தேவையில்லை. ஆனால் மருத்துவமனைக்குப் போக எப்படியும் விடுப்பு தேவைப்பட்டது.

தமயந்தியின் இதய வால்வு ஒன்று சுருங்கியிருக்கிறது. மாற்ற வேண்டுமாம். மார்ச் 5 அறுவைச் சிகிச்சை, 3ஆம் தேதி சேர வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு ஒரு தொந்தரவும் வராது என்றார் மருத்துவர். அந்தக் கணக்கு எந்த வயதினரை வைத்துப் போடப்பட்டது, எந்த நிலையில் சிகிச்சைக்கு வந்தவர்கள், மீதி இரண்டு பேர் யார் என்று கேட்டேன். மருத்துவர்களுக்கும் அடிப்படைத் தர்க்கம் கற்பிக்கப்பட வேண்டும்.

இதயத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, வேலை முடிந்ததும் மறுபடி ஓட விடுவோம் என்று அவர் விளக்கினார்.

“அப்ப எனக்கும் ரெண்டாம் பாகம் உண்டுங்கறீங்க,” என்றாள் தமயந்தி.

மருத்துவர் சிரித்தார். செவிலியும் சிரித்தாள். நான் வாகன நிறுத்தச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.


பிப்ரவரி 15, சனி

பிரணவ் திரைக்கதையை அனுப்பியிருக்கிறார். சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்தேன்.

பக்கம் 11: அளவுக்காரனிடம் இப்போது சாதாரண நாடா இல்லை. சிவப்பு ஒளி வீசி அளவெடுக்கும் கருவி. கட்டடப் பொறியாளர் ஆகிவிட்டான் போலும்.

பக்கம் 23: பேசுகிறான். ‘உன் ஆயுசை அளந்துட்டேன்.’ அரங்கில் விசில் கிடைக்கும். முதல் படத்தில் எங்களுக்குக் கிடைத்தது நிசப்தம்.

பக்கம் 34: கொடைக்கானலில் ஒரு பாடல். நான்கு பேர் கொல்லப்பட்ட மறுநாள். நாயகிக்கு மஞ்சள் நிற உடை.

பக்கம் 58: கொலைகாரனின் தாய். அழுகிறாள். அவனும் அழுகிறான். நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக.

பக்கம் 90: இறுதியில் அளவுக்காரன் கண் திறக்கிறான். மூன்றாம் பாகத்துக்கு முன்பணம்.

ஓரங்களில் இடம் போதாமல் பின்பக்கங்களிலும் எழுதினேன். ஒன்றரைப் பக்கமே உள்ள முதல் காட்சியில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அங்கே வசனமே கிடையாது. பள்ளிக் கூடத்தில் எஸ்தர் டீச்சரைக் கிடத்தியிருக்கிறார்கள். மேலே நாடா கிடக்கிறது. ஊர் காவல்துறைக்காகக் காத்திருக்கிறது. துடைப்பத்துடன் நிற்கும் ஒரு பெண் நாடாவில் உள்ள எண்ணையே பார்க்கிறாள். எண் நகர்கிறது. அவள் கத்தவில்லை. அது மறுபடி நகருமா என்று குனிந்து காத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

மூன்று முறை வாசித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான்.


பிப்ரவரி 17, திங்கள்

இன்று தமயந்தி பேசினாள். எழுதி வைக்கிறேன், பின்னர் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக. நான் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்து.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பு படப்பிடிப்புக்குப் போவது அறிவீனம் என்று சொன்னேன். நடிப்புக்கு அவசரம் இல்லை, மற்றக் காட்சிகளை எல்லாம் குணமான பிறகுதான் எடுப்பார்களாம், மருத்துவரிடமும் கேட்டாகிவிட்டது, ஒரே ஒரு சின்ன ஷாட் மட்டும் முன்பே வேண்டும் என்றாள். எந்த ஷாட்?

நம் படவுலகில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே எழுந்து போக விடுவதில்லை. பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். பிணம் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் ஒரு கணம் படம் பிடிப்பார்கள். படத்தில் வராது, ஆனால் சாவோடு காட்சி முடியக் கூடாது என்று ஒரு கணக்கு. ‘அளவுக்காரன்’ படத்தில் நான்கு பிணங்கள். மூன்று பேர் சிரித்தார்கள். தமயந்தியின் முறை வந்தபோது ஏற்காட்டில் பனி இறங்கிவிட்டது. வெளிச்சம் போகிறது என்று சந்தானகிருஷ்ணன் கத்த, மொத்தக் குழுவும் டிராலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடியது. மறுநாள் யாருக்கும் நினைவில்லை.

அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு இப்போது வேண்டுமாம்.

நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். சிரித்த மூவரில் ஒருவர் அடுத்த ஆண்டே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். சிரிக்காத நீ இருபத்தாறு ஆண்டுகள் இருக்கிறாய். ஆகவே சிரிப்புக்கும் ஆயுளுக்கும் தொடர்பில்லை. முதுகலை வகுப்பில் இதைவிடச் சிக்கலான உதாரணங்களை எல்லாம் மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

“செத்துப் போயிடுவேன்னு பயந்து கேக்கலீங்க,” என்றாள். “அன்னைக்குப் படுத்துக் கெடந்தேன். யாருமே ‘எழுந்திரும்மா’ன்னு சொல்லல. எல்லாரும் ஓடிட்டாங்க. நானே எழுந்து, நானே சேலையத் தட்டிக்கிட்டு நடந்து வந்தேன். நீங்க எங்க இருந்தீங்க தெரியுமா?”

நான் எங்கே இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். பிணம் மூச்சு விட்டுவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும் என்று இயக்குநரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். கதாசிரியனின் கடமை அது.

“உங்க கதையில என்னக் கொன்னீங்க. அப்பறம் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க. நடுவுல எழுப்பவே இல்ல.”

சொல்லிவிட்டு, மூச்சு வாங்க, சோபாவில் சாய்ந்துகொண்டாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. நான் போய் அடுப்பை அணைத்தேன்.

அது அவளுடைய முதல் படம். திருமணத்துக்குப் பிறகு அவள் நடிக்கவில்லை. யாரும் தடுத்ததில்லை. அதைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை என்பதே உண்மை.


பிப்ரவரி 18, செவ்வாய்

வாஷிங் மெஷின் ஆள் வந்தான். பெல்ட் போய்விட்டதாம்.


பிப்ரவரி 19, புதன்

பிற்பகலில் வகுப்பு இல்லை. கடிதத்தின் ஐந்தாம் குறைக்குச் சான்று தேவைப்பட்டதால் படத்தில் அந்த இடத்தை மறுபடி பார்த்தேன். அது எங்கே வருகிறது என்று நான் தேட வேண்டியதில்லை. கை தானாகப் போய் நிறுத்துகிறது. வெள்ளை ரவிக்கை, அசையாத கண், குறுக்கே நாடா. ஏறுகிறது. இறங்குகிறது. பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்த்தேன். இத்தனை ஆண்டுகளாக ஒரு பிழையை இவ்வளவு முறை எதற்காகப் பார்த்தேன் என்று யாரேனும் கேட்டால், சரிபார்க்க என்று பதில் சொல்லலாம்.

பக்கத்து அறையில் தமயந்தி உறங்கிக்கொண்டிருந்தாள். கதவருகே போய் நின்றேன். போர்வை அசைவது தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். தெரிந்தது. படத்தில் உள்ளதைவிடச் சற்று மெதுவாக. உடனே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு மூச்சு முடிந்தால் அடுத்தது வருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அது வந்தால் அதற்கடுத்தது.

விழித்துக்கொண்டவள், “என்ன இங்க நிக்கறீங்க? காபி வேணுமா?” என்றாள்.

மின்விசிறி சத்தம் போடுகிறது, பார்க்க வந்தேன் என்றேன். மின்விசிறி ஓடவில்லை. அவளும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.


பிப்ரவரி 21, வெள்ளி

இன்று விரைவஞ்சலில் அனுப்பிய கடிதத்தின் நகல்:

பெறுநர்: திரு. பிரணவ், இயக்குநர், ‘அளவுக்காரன் 2’, மும்முனை பிக்சர்ஸ், சாலிகிராமம்.

ஐயா,

தங்கள் திரைக்கதையை முழுமையாக வாசித்தேன். குறிப்புகளுடன் இணைத்திருக்கிறேன். ஒளி வீசும் கருவி, பஞ்ச் வசனம், மஞ்சள் உடைப் பாடல், அழும் தாய், இறுதியில் திறக்கும் கண் ஆகிய ஐந்தும் நீக்கப்பட வேண்டும். நீக்கினால் படம் சிறிதாகும் என்று தயாரிப்பாளர் கவலைப்படலாம். சிறிதாகட்டும். அளவுக்காரன் ஒருபோதும் துணியை வீணாக்கியவன் அல்லன்.

இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு ஈடாகாது என்பதே என் கருத்து. இரண்டாம் காட்சி முதல் பக்கம் 90 வரை உள்ளவை அக்கருத்தை உறுதி செய்கின்றன. முதல் காட்சி செய்யவில்லை. நான் எழுதிய படம், இவள் எப்போது சாவாள் என்று பார்வையாளனை அஞ்ச வைத்தது. தங்கள் முதல் காட்சி, இவள் பிழைப்பாளா என்று அஞ்ச வைக்கிறது. இரண்டாவது அச்சம் பெரியது. இதை அண்மையில் நேரில் சரிபார்த்தேன்.

ஆகவே எஸ்தர் டீச்சர் எழுந்திருப்பதற்கு என் சம்மதத்தை இத்துடன் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறேன். நிபந்தனைகள் பின்வருமாறு.

என் மனைவியின் சிரிப்பு மார்ச் 2ஆம் தேதிக்குள் படமாக்கப்பட வேண்டும். வீட்டுக்கு வந்து கைப்பேசியில் எடுத்துக்கொள்வது ஏற்கப்படாது. முறையான கேமரா, முறையான வெளிச்சம், அதே வெள்ளை ரவிக்கை. அளவு மாறியிருக்கிறது, புதிதாகத் தைக்க வேண்டும். படுக்கவும் எழவும் உடன் ஒருவர் இருக்க வேண்டும். அது நானாக இருப்பேன். பூசணிக்காய் சொத்தை இல்லாததாக இருக்கட்டும். இவ்வழக்கத்தில் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்; ஆயினும் செய்வதாயின் சரியாகச் செய்ய வேண்டும்.

காட்சி முடிந்ததும் யாரும் அடுத்த இடத்துக்கு ஓடக் கூடாது. வெளிச்சம் போனால் போகட்டும். “எழுந்திரும்மா” என்று சொல்ல வேண்டியது இயக்குநரின் பொறுப்பு என்பது மரபு. இம்முறை மட்டும் அதை நான் சொல்ல அனுமதி கோருகிறேன். அவள் சிரித்து முடிக்கும் வரை கேமரா நிறுத்தப்படக் கூடாது.

நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தங்கள் கையெழுத்துடன் கூடிய பதில், பிப்ரவரி 25, செவ்வாய், மாலை ஐந்து மணிக்குள் என் வீட்டு முகவரிக்கு வந்து சேர வேண்டும். தொலைபேசியில் ‘பார்த்துக்கலாம் சார்’ என்று சொல்வது பதிலாகக் கொள்ளப்பட மாட்டாது.

இரா. அறவாழி